நிற்க வைத்தும் ஒரு தடவை பிரஷர் பாருங்கள்

மலையகத்து ஆஸ்பத்திரி கிளினிக்குகளிலும் தோட்ட டிஸ்பென்சரிகளிலும் பிரஷர் பார்க்கிற டொக்டர்மார், மிஸ்ஸிமார், மருந்து ஐயாமார் எல்லோருக்கும் வணக்கம்.

கோபத்தில் எழுதத் தொடங்கிய மடல் இது. இரண்டு நாள் ஆறப்போட்டுத்தான் முடிக்கிறேன். அப்படியும் சூடு மிச்சமிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய் வந்து ஆறு வருஷம். மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டிய கை, இப்போது தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி நெஞ்சில் கொட்டும். நடுக்கத்துக்கு நாங்கள் பழகிவிட்டோம், விழுகிறதுக்குத்தான் பழக முடியவில்லை. விடியற்காலையில் எழும்பி கக்கூஸுக்குப் போக லயத்துப் படியில் இறங்குவார், மூன்றாவது படியில் கண் இருட்டிக்கொண்டு வரும், ஆள் கீழே. குளிருக்கு அடுப்படியில் குந்தியிருந்துவிட்டு எழும்பினாலும் அதேதான். பித்தம் என்றார்கள், இஞ்சி தட்டிக் கொடுத்தோம். வயசு என்றார்கள், அதற்கு என்னத்தைத் தட்டிக் கொடுப்பது?

கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் சொன்னோம். விடிய ஐந்தரை பஸ்ஸில் போய், இரண்டு மணித்தியாலம் வாங்கில் காத்திருந்து, உட்கார்ந்தபடியே பார்த்தால் 150/85. "பிரஷர் கூட இருக்கு, உப்பைக் குறைங்க" என்று கொப்பியில் எழுதி, குளிசையையும் கூட்டினார்கள். கூட்டிய பத்தாம் நாள் நெற்றியில் நாலு தையல்.

பிறகு கண்டிக்குக் கூட்டிப்போய் ஒரு நரம்பு டொக்டரிடம் காட்டினோம். அவர் அப்பாவை ஐந்து நிமிஷம் படுக்கவைத்துப் பார்த்தார், 152/86. எழுப்பி நிற்கவைத்தார். ஒரு நிமிஷத்தில் மேல் கணக்கு 118. மூன்றாவது நிமிஷத்தில் 94/58. அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு "பொடனியும் தோளும் இழுக்குது" என்றார். அந்த வலியை நாங்கள் கொழுந்துக் கூடை சுமந்த காலத்து வலி என்றுதான் நினைத்திருந்தோம். தோளுக்கும் கழுத்துக்கும் இரத்தம் போதாமல் வருகிற வலியாம். இத்தனைக்கும் நாடித்துடிப்பு 72 இலிருந்து 76 ஆகத்தான் கூடியது. உடம்பில் தண்ணீர் குறைந்து பிரஷர் இறங்கினால் இதயம் ஓடி ஈடுகட்டப் பார்க்கும், இங்கே அதற்குத் தகவல் சொல்லும் நரம்பே பழுது என்றார் டொக்டர்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. நாம் எழும்பி நின்றால் அரை லீற்றருக்கும் மேல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது, நரம்புகள் உடனே இரத்தக் குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ள வேண்டும். பார்க்கின்சன் கையை நடுங்க வைப்பதோடு நிற்பதில்லை, இந்த நரம்புகளையும் அரிக்கிறது. நின்றால் பிரஷர் இப்படி இறங்குகிறது பார்க்கின்சன்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்டு. லூயி பொடி (Lewy body) என்கிற மறதி நோயிலும் வரும், மல்டிபிள் சிஸ்டம் அட்ரொபி என்று பார்க்கின்சன் மாதிரியே இருக்கிற இன்னொரு நரம்பு நோயில் இன்னும் மோசம். நின்று மூன்று நிமிஷத்துக்குள் மேல் கணக்கு 20 அல்லது கீழ்க் கணக்கு 10 இறங்கினால் அதுதான் அடையாளம். புது மெஷின் ஒன்றும் வேண்டாம், இருக்கிற பட்டியே போதும்.

இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது எல்லோரையும் படுக்கவைத்து எழுப்ப முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். கை நடுங்குகிறவர், மறதிக்காரர், "விழுந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர், இவர்களை மட்டும் பாருங்கள். படுக்க இடமில்லையா, சரி, உட்காரவைத்துப் பார்த்துவிட்டு நிற்கவைத்தாவது பாருங்கள். கொப்பியில் பக்கத்திலேயே "நின்று" என்று எழுதி அந்தக் கணக்கையும் போடுங்கள். மூத்திரம் இலகுவாகப் போக என்று கொடுக்கிற சில குளிசைகளும் பிரஷரை இறக்கும், நடுக்கத்துக்கான மருந்தும் இறக்கும். அதையெல்லாம் சேர்த்துப் பார்க்க உங்களால்தான் முடியும், எங்களால் முடியாது.

அப்பாவுக்கு இப்போது பிரஷர் குளிசையை டொக்டர் குறைத்திருக்கிறார் (நாங்களாக நிறுத்தவில்லை, வாசிக்கிற யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்). படுத்தால் பிரஷர் ஏறுகிறது என்பதால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறோம். எழும்ப முன்னம் இரண்டு பெரிய கோப்பை பச்சைத் தண்ணீர் மடக்மடக்கென்று குடித்து, கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டுத்தான் நிற்பார். வயிறு முட்டச் சோறு தின்றால் மயக்கம் கூடும் என்று தெரிந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறார். சுடுதண்ணீர்க் குளிப்பும் பிரஷரை இறக்கும், ஆனால் இந்தக் குளிரில் அதை எப்படி நிறுத்தச் சொல்வது, வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுவிட்டேன். விழுகிறது முற்றாக நிற்கவில்லை. ஆனால் இரண்டு மாதமாகத் தையல் இல்லை.

அடுத்த கிளினிக் வருகிற மாதம். அப்பா வாங்கில்தான் உட்கார்ந்திருப்பார். பெயரைக் கூப்பிட்டதும் எழும்பி வர நேரமெடுக்கும், "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சத்தம் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கொப்பியைத் தூக்கிக்கொண்டு கூட வருகிற மகள்