கதவுக்கு மட்டும் டிக்கெட் எவ்வளவு, மாப்ளே?

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நம் சிநேகிதன் கம்பியிடம் புலம்பினாயாமே. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பும் கட்டைவிரல் படமெல்லாம் கடிதக் கணக்கில் வராது என்று அவனிடமே சொல்லிவிட்டேன். கணக்கு நேராகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏசி லோக்கல் ரயிலுக்கு மாறிவிட்டேன். சிரித்து முடி, காத்திருக்கிறேன். பெரியவள் முதல் சம்பளம் வாங்கியதும் கேட்காமல் கொள்ளாமல் சீசன் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். தாம்பரத்தில் ஏறி எழும்பூரில் இறங்குகிறேன். சாதா வண்டியில் கூடவே வந்த மூணாவது பெட்டி சீட்டாட்ட கோஷ்டி என்னைத் துரோகி என்கிறது. அதில் நம் சாமியார் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று "வாங்க கலெக்டர்" என்கிறார். சீட்டுக் கட்டு என்னிடம்தான் இருக்கிறது என்பதால் உறவை முழுதாக முறிக்கவில்லை.

உன் மும்பைப் பெருமையை நீ ஆரம்பிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்-இல் செய்த முதல் ஏசி லோக்கல் 2017 கிறிஸ்துமஸ் அன்று மும்பையில் ஓடியது. அந்தத் தொழிற்சாலை இருக்கும் சென்னையில், பீச்சுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது 2025 ஏப்ரல் 19-இல். அதுவும் ஒரே ஒரு வண்டியோடு. பிள்ளை பெற்றது நாங்கள், தாலாட்டுப் பாடியது நீங்கள். மின்சார ரயிலே உங்களுக்கு 1925, எங்களுக்கு 1931 என்று நீ அடுத்து இழுப்பாய். இழு. ஆனால் பழைய 1500 வோல்ட் டிசி-யை விட்டு 25 ஆயிரம் வோல்ட் ஏசி மின்சாரத்துக்கு நாங்கள் மாறியது 1967-இல். உங்கள் ஹார்பர் லோக்கல் பாதை அந்த வேலையை முடிக்க 2016 ஆயிற்று. மின்சார ஏசி-யில் நாங்கள் முந்தி, குளிர் ஏசி-யில் நீங்கள் முந்தி. சரியாகப் போயிற்று.

வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு பெட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளேயே நடக்கலாம். சத்தம் குறைவு. பிரேக் போடும்போது வண்டியே மின்சாரம் உண்டாக்கி மேலே இருக்கும் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. குளிர்ச்சியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்குக் குளிர்ச்சி இரண்டாம் பட்சம். கதவுதான்டா விஷயம்.

போன மாதம் ஒருநாள் கிண்டியில் ஒரு பையன் ஓடி வந்தான். முதுகில் பை, காதில் கம்பி. வண்டி கிளம்பினாலும் தொற்றிவிடலாம் என்ற அதே ஓட்டம், நமக்குத் தெரியாததா! பீப் பீப் என்று சத்தம் வந்து கதவின் இரண்டு பலகைகளும் நகர்ந்து, ரப்பர் விளிம்புகள் ஒட்டிக்கொண்டன. பையன் கையை நீட்டியபடியே வந்து நின்றான். பிடிக்க ஒரு கம்பி இல்லை, கால் வைக்க ஒரு படி இல்லை. வெளிப்பக்கம் முழுக்க வழவழவென்று இரும்பு. எல்லாக் கதவும் மூடினால்தான் வண்டி நகரும் என்பதால் இன்னும் சில நொடி நின்றது. அவன் கண்ணாடி வழியே என்னை முறைத்தான், நான்தான் கதவைச் சாத்தினேன் என்பதுபோல. அடுத்த வண்டியில் போயிருப்பான். பத்து நிமிஷம் லேட். அவ்வளவுதான் நஷ்டம்.

2018 ஜூலை 24 உனக்கு மறந்திருக்காது. மேலே மின்கம்பி அறுந்து, திருமால்பூர் வண்டியை ஃபாஸ்ட் லைனில் திருப்பிவிட்ட காலை. பரங்கிமலையில் படியில் தொங்கியவர்கள் காங்கிரீட் சுவரில் அடிபட்டு விழுந்தார்கள். சுவர் எத்தனையோ வருஷமாக அங்கேயேதான் இருந்தது. அந்த வண்டி வழக்கமாக அதன் பக்கத்தில் போவதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு நம் கம்பிப்பயல் போனை எடுக்காமல் நம் இருவரையும் என்ன பாடு படுத்தினான்! அதற்கப்புறம் 2025 ஜூன் 9. டிவியில் உன் ஊர்ப் பக்கத்து மும்ப்ரா ஸ்டேஷன் என்று போட்டதும் எனக்கு உன் டோம்பிவிலி வண்டிதான் நினைவுக்கு வந்தது. வளைவில் எதிரெதிரே போன இரண்டு லோக்கலில் தொங்கியவர்கள் உரசி விழுந்தார்கள் என்றார்கள். நான் போன் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தபின் நீ எடுத்து "மீட்டிங்டா, என்ன?" என்றாய். அந்த "என்ன?"வுக்கு நான் சொல்ல நினைத்ததை இங்கே எழுதினால் தங்கச்சி படித்துவிடுவாள்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். சாதா வண்டியில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். ஏசி-யில் 35. செங்கல்பட்டுவரை போனால் 105. குளிர்ச்சிக்குக் காசு வாங்கட்டும், நான் தகராறு செய்யவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் நான் வாங்குவது இரண்டு சாமான். ஒன்று குளிர், ஒன்று கதவு. குளிர் ஆடம்பரம். கதவு எப்படி ஆடம்பரம் ஆகும்?

மாம்பலத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா நிற்பார். கதவு திறந்து குளிர்காற்று முகத்தில் அடித்ததும் "இது ஏசியா?" என்று கேட்டு ஒரு அடி பின்னால் போய்விடுவார். தினமும் கேட்பார், தினமும் பின்னால் போவார். அவருக்கான வண்டி அடுத்து வரும், இரண்டு பக்கமும் ஆட்கள் தொங்கிக்கொண்டு. யார் நெரிசலில் நசுங்குகிறார்களோ அவர்களுக்குக் கதவில்லை. உட்கார இடம் கிடைத்துச் சாவகாசமாகப் பேப்பர் படிக்கிற எனக்குக் கதவு. கலெக்டர் என்று சாமியார் சொல்வதில் தப்பே இல்லை.

கட்டணத்தைக் குறைத்தால் கூட்டம் வருமா என்பதற்கு உன் ஊரே சாட்சி. 2022 மே மாதம் ஏசி லோக்கலின் ஒற்றை டிக்கெட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். 5 கிலோமீட்டருக்கு 65 ரூபாயாக இருந்தது 30 ஆயிற்று. அதுவரை காலியாக ஓடுகிறது என்று நீயே கிண்டல் அடித்த வண்டி. அப்புறம் கதவு மூடவில்லை, ஆள் பிதுங்குகிறது என்று புலம்பியவனும் நீயேதான். அதனால் விலையைக் குறைத்தால் மட்டும் தீராது என்பதும் புரிகிறது. வண்டிகள் கூட வேண்டும். கூட்டத்தில் ஒருவன் பை மாட்டிக் கதவு திறந்தே நின்றால் பன்னிரண்டு பெட்டியும் நிற்கும். பின்னால் வரும் வண்டிகளும் நிற்கும்.

சரி, சாதா வண்டிக்கே கதவு போட்டுவிட்டால்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கம்பி இன்ஜினியர் புத்தியோடு கேட்டான்: "மே மாதம், கதவை மூடிட்டு, முந்நூறு பேரை உள்ள அடைச்சா என்ன ஆகும்?" மூச்சு முட்டும். வாசல்தான் இப்போது ஜன்னலும் ஃபேனும். மும்ப்ராவுக்குப் பிறகு ரயில்வே அமைச்சகம் சொன்ன வடிவமைப்பு இதற்காகத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. கதவில் காற்று வரச் சாய்சட்டங்கள், கூரையில் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் கருவி, கூட்டம் ஒரே பெட்டியில் தேங்காமல் பரவ, பெட்டிக்குப் பெட்டி நடக்க வழி. ஏசி கிடையாது. இதைத்தான் நான் கேட்கிறேன். மும்பைக்கு முதலில் என்று அறிவித்தார்கள். அதுவும் வழக்கம்தானே.

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். அந்த வண்டி உன் லைனுக்கு வந்ததும் தாதரில் மாலை ஆறு மணிக்கு ஏறு. காலியான நேரத்தில் ஏறிவிட்டு "சூப்பர்" என்று எழுதினால் கிழித்துப் போடுவேன். நடுவில் நின்று, கூரையிலிருந்து காற்று தலைக்கு இறங்குகிறதா, மழை அடித்தால் சாய்சட்டம் வழியே தண்ணீர் வருகிறதா, தாணேயில் கதவு மூட எத்தனை நொடி ஆகிறது, எல்லாம் பார்த்து எழுது. கம்பி ஒரு பெரிய கேள்விப் பட்டியலே வைத்திருக்கிறான், தனியாக அனுப்புவான். அதுவரை வாசலில் நிற்காதே. முட்டி வலிக்கிறது, உள்ளே விடுங்கள் என்று கெஞ்சியாவது நடுவில் போய் நில். உன் முட்டிக்கு அது பொய்யும் இல்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. சின்னவன் பரீட்சை முடிவு என்ன ஆயிற்று? சாமியார் விசாரித்தார், 28 சீட்டாட்டத்தில் நீ வைத்த பாக்கியையும் சேர்த்து.

இப்படிக்கு,
கலெக்டர்