இரண்டு முதற்சுற்று வாய்ப்புகளையும் ஒருவருக்காகக் கொடுக்கலாமா? அண்ணாவுக்கு ஒரு கடிதம்

மே 2025

அன்புள்ள அண்ணா,

வணக்கம். டிராஃப்ட் முடிந்ததும் நீங்கள் எழுதி அனுப்பியதைப் பலமுறை படித்தேன். நம் அணியான கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் தன் கையிலிருந்த இரண்டாம் இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாம் இடத்துக்கு இறங்கியதும், அங்கேயும் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை) விட்டுவிட்டு மேசன் கிரஹாம் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்ததும் உங்களை மிகவும் வருத்தியிருக்கின்றன. மூன்றாம் சுற்றில் 94-ஆவதாக எடுத்த டில்லன் கேப்ரியலையும், ஐந்தாம் சுற்றில் 144-ஆவதாக எடுத்த ஷெடூர் சாண்டர்ஸையும் குவார்ட்டர்பேக்குகளாக நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த இறக்கத்துக்கு ஈடாக ஜாக்சன்வில் தந்த 2026-ஆம் ஆண்டு முதற்சுற்று வாய்ப்பையும், நம் அணிக்கே உரிய முதற்சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தாவது அடுத்த ஆண்டு உச்சிக்கு ஏறி ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தே தீரவேண்டும் என்கிறீர்கள். ஒரு குவார்ட்டர்பேக்கை முன்னதாகவே எடுக்கவேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அவருக்காக இரண்டு வாய்ப்புகளையும் கொடுப்பதில் உடன்படவில்லை. இதே வாதத்தை நம்மைப் போன்ற பலரும் நடத்திக்கொண்டிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு சொல். என்எஃப்எல் டிராஃப்ட்டில் 32 அணிகள் ஏழு சுற்றுகளில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன; முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதலிடம். அந்த இடங்களை, அதாவது தேர்வு வாய்ப்புகளை, அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், வரும் ஆண்டுகளின் இடங்களைக்கூட முன்கூட்டியே கொடுக்கலாம். பூசல் முழுவதும் இந்தக் கடைசி வசதியிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையைக் கட்டிவிட்டுப் பிறகு குவார்ட்டர்பேக்கைத் தேடலாம் என்பவர்களுக்கு ஜோ தாமஸ் என்ற ஒரு பெயரே போதுமான மறுமொழி. 2007-இல் மூன்றாம் இடத்தில் பிரவுன்ஸ் அவரை எடுத்தது. குவார்ட்டர்பேக்கின் முதுகுப்புறத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளாக அவர் இடைவிடாமல் 10,363 முறை களத்தில் நின்றார். முதல் பத்து ஆண்டுகளிலும் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அத்தகைய ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு பிளேஆஃப் (பருவ இறுதியில் பட்டத்துக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்று) ஆட்டத்தைக்கூட ஆடவில்லை. அவர் காத்து நின்ற இடத்தில் நிற்கத் தகுந்த குவார்ட்டர்பேக் ஒருவரை அணி கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணத்தை நான் அறியேன்.

பணத்தின் கணக்கும் உங்கள் பக்கமே பேசுகிறது. 2010-இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். 2011-இல் வந்த புதிய ஊதிய ஒப்பந்தம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அடுத்த ஆண்டே முதலிடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்காண்டுகளுக்கு மொத்தம் 2.2 கோடிதான். இன்றும் முதலிடத்தில் எடுக்கப்படும் இளைஞரின் நான்காண்டு ஊதியம் முழுவதும், டக் பிரெஸ்காட் போன்ற நிலைபெற்ற ஒருவரின் ஓர் ஆண்டுச் சராசரியான 6 கோடியைத் தொடுவதில்லை. நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் மலிவாகக் கிடைக்கும் அந்த நான்காண்டுகளில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு மற்ற இடங்களையெல்லாம் நிரப்பலாம். ஆகவே, நம் முறை வரும்போது உண்மையிலேயே தகுதியான ஒருவர் இருந்தால், வேறு எந்தத் தேவையையும் ஒதுக்கிவைத்து அவரை எடுக்கவேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் நீங்கள் கேட்பது இதைவிட மிகப் பெரியது. இருக்கும் இடத்தில் எடுப்பதற்கும், வருங்காலத்தை விற்று ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரோலைனாவைவிடத் தெளிவாகக் காட்டிய அணி அண்மையில் இல்லை. 2023-இல் ஒன்பதாம் இடம், 61-ஆம் இடம், 2024-இன் முதற்சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, இவற்றோடு அணியின் தலைசிறந்த பந்துபிடிப்பாளரான டி. ஜே. மூரையும் சிகாகோவுக்குக் கொடுத்து, முதலிடத்தில் பிரைஸ் யங்கை எடுத்தார்கள். யாரிடம் பந்தை எறிவதற்காக அந்த இளைஞரைக் கொண்டுவந்தார்களோ, அவரையே விலையாகக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு யங் 62 முறை பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். பதினொரு ஆட்டங்கள் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை நீக்கினார்கள். அணி 2 வெற்றி, 15 தோல்வி என்று முடிந்தது. அவர்கள் கொடுத்த 2024 வாய்ப்பு முதலிடமாகவே முதிர்ந்து சிகாகோவின் கைக்குப் போயிற்று. அதே 2023-இல் குவார்ட்டர்பேக்குக்காக ஏறாமல் கொள்ளாமல் தன் இரண்டாம் இடத்திலேயே நின்ற ஹூஸ்டனுக்கு சி. ஜே. ஸ்ட்ரவுட் கிடைத்தார், முதல் ஆண்டே அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

சான் பிரான்சிஸ்கோவும் 2021-இல் மூன்று முதற்சுற்று வாய்ப்புகளைச் செலவிட்டு டிரே லான்ஸை எடுத்தது. அவர் அங்கே தொடங்கி ஆடியவை நான்கே ஆட்டங்கள். அந்த அணி தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், 2022 டிராஃப்ட்டின் கடைசி இடமான 262-இல் கிடைத்த பிராக் பர்டி. அப்படியொரு நற்பேறை நம்பி நாம் திட்டம் போட முடியாது, அண்ணா.

உங்கள் மறுப்பு என்னவென்று எனக்குத் தெரியும்: கன்சாஸ் சிட்டியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். கன்சாஸ் சிட்டியும் ஏறித்தான் அவரை எடுத்தது. 2017-இல் 27-ஆம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏற, மறு ஆண்டின் முதற்சுற்றையும் பஃபலோவுக்குக் கொடுத்தது. ஆனால் ஏறிய அணி எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். முந்தைய ஆண்டு 12 ஆட்டங்களை வென்றிருந்தது. ஆண்டி ரீட் 2013 முதல் பயிற்சியாளராக இருந்தார். அலெக்ஸ் ஸ்மித் போன்ற அனுபவசாலியான குவார்ட்டர்பேக் களத்தில் இருந்தார். மஹோம்ஸ் முதல் ஆண்டு முழுவதிலும் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தொடங்கி ஆடினார். நல்ல அணி என்பதால் அவர்கள் கொடுத்த மறு ஆண்டு வாய்ப்பும் பட்டியலின் பின்பகுதியிலேயே விழுந்தது. கடந்த ஆண்டு மூன்றே ஆட்டங்களை வென்ற நம் அணி தன் வாய்ப்பைக் கொடுத்தால், அது எதிராளிக்குத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுப்பதாகும்.

என் கருத்தில் இதைவிட நல்ல முன்மாதிரி பஃபலோ. 2018-இல் அவர்களும் ஏழாம் இடத்துக்கு ஏறி ஜோஷ் ஆலனை எடுத்தார்கள், ஆனால் வரும் ஆண்டின் முதற்சுற்றைத் தொடாமல் ஏறினார்கள். முதல் ஆண்டில் ஆலன் எறிந்தவற்றில் 52.8 விழுக்காடுதான் இலக்கைச் சேர்ந்தன. நம் ஊரில் அப்படி ஒருவர் ஆடியிருந்தால் டிசம்பருக்குள் அவர் பெயரைச் சொல்லவே மக்கள் வெறுத்திருப்பார்கள். அங்கே யாரும் அசையவில்லை. ஷான் மெக்டெர்மட் தலைமைப் பயிற்சியாளராகத் தொடர்ந்தார், பிரையன் டேபோல் நான்காண்டுகள் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தார், ஸ்டெஃபான் டிக்ஸ் 2020-இல் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு ஆலனின் விழுக்காடு 69.2 ஆக உயர்ந்தது. 2024-இல் அவர் லீகின் மிகமதிப்புமிக்க வீரரானார். அதே 2018-இல் பத்தாம் இடத்தில் ஜோஷ் ரோசனை எடுத்த அரிசோனா, ஓர் ஆண்டு முடிவதற்குள் பயிற்சியாளரை மாற்றி, மறு ஆண்டே முதலிடத்தில் கைலர் மர்ரேயை எடுத்து, ரோசனை அனுப்பிவைத்தது. ரோசன் ஆலனாகியிருப்பார் என்று நான் வாதிடவில்லை. ஆலனுக்குக் கிடைத்த மூன்றாண்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கேதான் பேக்கர் மேஃபீல்டைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேசவேண்டியிருக்கிறது. அவர் தோற்றுப்போன தேர்வு என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்கு வலித்தது. 0-16 என்று ஓர் ஆட்டம்கூட வெல்லாத அணிக்கு 2018-இல் முதலிடத்தில் வந்தவர் அவர். வந்த ஆண்டின் நடுவிலேயே ஹ்யூ ஜாக்சன் நீக்கப்பட்டார். மீதி ஆட்டங்களுக்கு கிரெக் வில்லியம்ஸ் பொறுப்பேற்றார். 2019-இல் ஃபிரெடி கிச்சன்ஸ். 2020-இல் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி. அவரைத் தேர்ந்தெடுத்த பொது மேலாளர் ஜான் டோர்சியும் இதற்கிடையில் வெளியேறிவிட்டார். மூன்றாவது ஆண்டைத் தொடங்கும்போது மேஃபீல்டு நான்காவது தலைமைப் பயிற்சியாளரின் கீழ் ஆடிக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் அந்த ஆண்டு 11 வெற்றிகள், பிறகு பிட்ஸ்பர்க் மண்ணிலேயே 48-37 என்று பிளேஆஃப் வெற்றி. 1994 பருவத்துக்குப் பின் நமக்குக் கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி அது. அடுத்த ஆண்டு தோள் காயத்தோடு ஆடிச் சரிந்ததும், நம் அணி பொறுமையிழந்து 2022-இல் மூன்று முதற்சுற்று வாய்ப்புகளையும் 23 கோடி டாலரையும் டெஷான் வாட்சனுக்காகக் கொடுத்தது. பெண்கள் பலர் தொடுத்திருந்த பாலியல் முறைகேட்டு வழக்குகளுக்கு நடுவில் அந்த முடிவை எடுத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆட்டக் கணக்கில் பார்த்தாலும் அதற்கு நியாயமில்லை. மேஃபீல்டோ டாம்பா பே அணியில் 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் தம் பிரிவில் முதலிடம் பெற்றுத் தந்தார்.

ஒரு குவார்ட்டர்பேக்கை முன்னதாக எடுப்பது என்றால், மூன்றாண்டுகளுக்காவது தன்னையே மாற்றிக்கொள்ளாமல் இருப்பதாக அணி அவருக்கு வாக்குக் கொடுப்பது. 1999-இல் முதலிடத்தில் வந்து முதல் ஆண்டிலேயே 56 முறை வீழ்த்தப்பட்ட டிம் கௌச் தொடங்கி, நம் அணி அந்த வாக்கை யாருக்கும் காப்பாற்றியதில்லை. 2007-இலும் மறு ஆண்டு முதற்சுற்றை டாலஸுக்குக் கொடுத்து 22-ஆம் இடத்தில் பிரேடி குயினை எடுத்தார்கள். அவசரம் இன்று பிறந்ததல்ல.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். 2026-இல் நம் சொந்த இடம் எங்கே விழுந்தாலும், அங்கே ஆட்டநோட்டக்காரர்கள் மனசாட்சியோடு அந்த இடத்துக்கு மதிப்பிட்ட குவார்ட்டர்பேக் ஒருவர் இருந்தால் எடுக்கட்டும்; அவருக்கு முன்னால் நிற்கப்போகும் முன்வரிசைக்கு ஜாக்சன்வில் தந்த வாய்ப்பைச் செலவிடட்டும். நம் முன்வரிசையில் மூப்பு ஏறிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பெயர் ஆர்ச் மானிங் என்பதை அறிவேன். புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குகளான பேட்டன், ஈலை இருவரின் அண்ணன் மகன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதுவரை அவர் தொடங்கி ஆடியவை இரண்டே ஆட்டங்கள். டிரே லான்ஸுக்குக் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு முழுப் பருவம். மிட்ச் டிருபிஸ்கி 13 ஆட்டங்களில்தான் தொடங்கியிருந்தார், அவருக்காகவும் சிகாகோ ஏறியது. குடும்பப் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நெருக்கடியில் ஒருவர் எப்படி எறிகிறார் என்பதை ஆட்டங்கள்தான் காட்டும். ஆகஸ்ட் 30 அன்று டெக்சாஸ் கொலம்பஸுக்கு வந்து ஓஹாயோ ஸ்டேட்டோடு மோதுகிறது. எறிய நினைத்த முதல் இரண்டு வழிகளும் அடைபட்டு, பாதுகாப்பு வளையம் உடையும் தருணங்களில் அவருடைய கால்கள் என்ன செய்கின்றன என்று மட்டும் அன்று கவனியுங்கள். பந்து போய்ச்சேரும் இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன் பின் உங்கள் கருத்தை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி