வார்டில் மாணவர்கள் படும் தொல்லையை அளப்பது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ மாணவர்கள் வார்டுகளில் படும் தொல்லைகளைக் கணக்கெடுக்கக் கல்லூரிகள் முன்வருவது நல்ல செய்தி. ஆனால் “நீங்கள் துன்புறுத்தப்பட்டீர்களா? ஆம் / இல்லை” என்ற ஒரே கேள்வியோடு படிவம் முடிந்தால், கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. நோயாளியின் முன்னால் திட்டு வாங்கியவர்கூட, ரவுண்ட்ஸ் என்றால் அப்படித்தான் என்று பழகிப்போய் ‘இல்லை’ என்று குறித்துவிடுவார். நடந்த செயலைக் குறிப்பிட்டுக் கேட்டால் விகிதம் வெகுவாக உயர்வதைப் பணியிட ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. பலர் முன் அவமானப்படுத்துதல், விருப்பமின்றித் தொடுதல், சொந்த வேலைக்கு ஏவுதல், மார்க்கைக் காட்டி மிரட்டுதல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பணியிடத் துன்புறுத்தலை அளக்க உலகெங்கும் பயன்படும் என்.ஏ.க்யூ.-ஆர் (NAQ-R) வினாத்தொகுப்பு இந்த வகைதான். கடந்த 6 மாதங்களில் 22 செயல்கள் எவ்வளவு அடிக்கடி நடந்தன என்று கேட்டு, ‘இல்லவே இல்லை’ முதல் ‘தினமும்’ வரை 1 முதல் 5 மதிப்பெண் தருகிறது. நல்ல கருவி, ஆனால் ஊழியர்களுக்காக எழுதப்பட்டது. விடுப்பு, பயணப்படி போன்ற உரிமைகளைக் கோர விடாமல் தடுப்பது பற்றிய கேள்வி மாணவருக்குப் பொருந்தாது. தகுதிக்குக் குறைந்த வேலை தரப்பட்டதா என்ற கேள்விக்கு, ட்ராலி தள்ளுவதும் பயிற்சிதானே என்று மாணவர் குழம்புவார். 6 மாதத்துக்குள் அவர் பல யூனிட்டுகள் மாறியிருப்பார் என்பதால் எங்கே நடந்தது என்பதும் தெரியாமல் போகும். இவை எல்லாவற்றையும்விட எங்களை வருத்துவது வேறொன்று: பாலியல் சீண்டலுக்கென்று அந்த 22-இல் தனிக் கேள்வியே இல்லை; ஒரே ஒருமுறை நடந்த உடல்ரீதியான தாக்குதலோ மொத்த மதிப்பெண்ணில் வெறும் 2 ஆகக் கரைந்துவிடுகிறது. இவ்விரண்டையும் கேட்டு, கூட்டலில் சேர்க்காமல், ஒருமுறை நடந்திருந்தாலும் தனியாகக் காட்ட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு போஸ்டிங் (ஒரு துறையில் பயிற்சி பெறும் காலம்) முடிவிலும் கேளுங்கள். 0, 1, 2–4, 5 அல்லது அதற்கு மேல் என எத்தனை முறை என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். செய்தவர் பேராசிரியரா, முதுநிலை மாணவரா, செவிலியரா, நோயாளியா, உறவினரா என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். யார் செய்தார் என்பதைப் பொறுத்தே தீர்வு மாறும். மொழிபெயர்த்த கேள்விகளை முதலில் 10 மாணவர்களிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

மார்க் இறுதியான பிறகே படிவம் தர வேண்டும். அந்தத் துறையினர் அதைத் திரும்ப வாங்கக் கூடாது. 5 பேர் உள்ள யூனிட்டில் படிக்கும் ஆண்டும் பாலினமும் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 10 பேருக்குக் குறைவான குழுக்களை ஒன்றுசேர்த்தே முடிவுகளைச் சொல்ல வேண்டும்.

பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, பயிற்சியில் உள்ள மருத்துவர்களிலும் மாணவர்களிலும் 59.4 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு தொல்லையையோ பாகுபாட்டையோ சந்தித்ததாகக் கணித்தது. வேறு கேள்வியால் கிடைத்த எண்ணை இதனோடு ஒப்பிட்டு ‘எங்கள் கல்லூரி பரவாயில்லை’ என்று சொல்வது தவறு. விகிதத்தை வெளியிடும் கல்லூரிகள், வினாத்தாளையும் எத்தனை பேரில் எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்வி ஆய்வாளர்கள் சிலர்