கப்பல் நேரமும் பாதுகாப்பே

ஆசிரியருக்கு,

சொகுசுக் கப்பல் பயணிகள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் இறங்குவது பாதுகாப்பானதா என்று ஆராய்ந்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். 2015 மார்ச்சில் வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவின் தலைநகர் துனிஸில் உள்ள பார்டோ அருங்காட்சியகத்தில் கப்பல் பயணிகள் சுட்டுக்கொல்லப்பட்ட பின், பெரிய கப்பல் நிறுவனங்கள் அத்துறைமுகத்தைத் தவிர்த்தன. அத்தகைய முடிவு நிறுவனங்களின் பொறுப்பு. பயணி தானே எடைபோட வேண்டிய ஆபத்து வேறு. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தீவான சாவோ டோமேயில், தனியார் சுற்றுலா சென்று தாமதமாகத் திரும்பிய எட்டுப் பேரை விட்டுவிட்டே கப்பல் புறப்பட்டது.

சிங்கப்பூரிலிருந்து புக்கெட்டுக்கு நாங்கள் சென்றபோது, கப்பலின் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்க, கரையில் என் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறி ஒரு மணி நேரம் குறைத்துக் காட்டியது. கப்பல் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த தம் கைக்கடிகாரத்தை என் மனைவி பார்த்துப் பதறியதால்தான் கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகைப் பிடித்தோம். சேலத்தில் எங்களுக்கு முன்பதிவு செய்தவர் சைவ உணவைப் பற்றிக்கூட விரிவாகச் சொன்னார், இதைச் சொல்லவில்லை. வாழ்நாள் சேமிப்பில் ஒருமுறை கப்பலேறும் நம் ஊர் முதியவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. எனவே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பல் நேரம், திரும்ப வேண்டிய நேரம், துறைமுக முகவர் (அங்குள்ள கப்பல் நிறுவனப் பிரதிநிதி) மற்றும் இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுத் தருவதைப் பயண முகவர்களுக்குச் சுற்றுலாத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்