சாவைப் பேசும் நாவலை அலுமாரிக்குள் பூட்டாதீர்கள்

மலையகப் பாடசாலைகளின் நூலகங்களுக்கு நூல்களைத் தெரிவு செய்யும் பொறுப்பாசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும்,

வணக்கம்.

கேப்ரியல் செவின் எழுதி 2005 இல் வெளிவந்த ‘எல்ஸ்வேர்’ என்னும் ஆங்கில நாவல், சாவைப் பற்றிய கதை பிள்ளைகளுக்கு ஆகாது என்ற காரணத்தால், நான் அறிந்த ஒரு பாடசாலை நூலகத்தின் இராக்கையிலிருந்து எடுக்கப்பட்டு அலுமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டியவர்களின் அக்கறையை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்த முடிவு தவறானது.

பதினைந்து வயது லிஸ், சைக்கிளில் போகையில் டாக்சி மோதி இறக்கிறாள். அவள் கண்விழிப்பது ஒரு கப்பலில். அது சென்று சேரும் ஊரில் இறந்தவர்களுக்கு வயது கூடுவதில்லை, குறைகிறது. கைக்குழந்தையானதும் ஆற்றோடு அனுப்பப்பட்டு மறுபடியும் பூமியில் பிறக்கிறார்கள். தான் பிறக்குமுன்பே இறந்துபோன பாட்டியை லிஸ் அங்கேதான் முதன்முதலாகக் காண்கிறாள். காசு போட்டால் தொலைநோக்கி வழியாகப் பூமியிலுள்ள வீட்டாரைப் பார்க்கலாம் என்று அறிந்ததும், பாட்டியிடம் கடன் வாங்கி, நாள் முழுவதும் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அவள் தேறுவதற்குப் பல பக்கங்கள் ஆகின்றன. இறந்து வரும் நாய்களுக்குப் புது ஊரைப் பழக்கும் வேலை கிடைத்த பிறகே மெல்ல மெல்ல அங்கு வாழத் தொடங்குகிறாள்.

இந்நூல் தற்கொலை எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்பதே உங்களில் பலரின் அச்சம் என்பதை அறிவேன். அது நியாயமான அச்சமும்கூட. ஆனால் இக்கதையில் சாவு விடுதலையாகக் காட்டப்படவில்லை. வாழக் கிடைக்காமல் போன ஒவ்வொன்றுக்காகவும் லிஸ் கோபப்படுகிறாள், அழுகிறாள், தம்பியோடு பேச முடியாமல் தவிக்கிறாள். மனம் நொந்திருக்கும் பிள்ளையின் கையில் இதைத் தனியே கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் முதலில் படித்து, வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருடன் கலந்து பேசிக் கொடுக்கட்டும்.

நம் பிள்ளைகள் சாவை அறியாதவர்கள் அல்லர். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் புதையுண்டபோது, உறவினரைத் தேடி நின்றவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். மாசி மாதத்தில் காமன் கூத்தில் ரதியின் புலம்பலைக் கேட்டும், எரிந்த காமன் உயிர்ப்பிக்கப்படுவதைப் பார்த்தும் வளர்கிறவர்கள் அவர்கள். இறந்தவர் திரும்பி வருவதைத் திடலில் விடிய விடியப் பார்க்கக்கூடிய பிள்ளைக்கு, அதையே புத்தகத்தில் படிக்க ஏன் தடை விதிக்க வேண்டும்?

என் தரம் 10 வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி அவளுடைய தாய் இறந்துபோனார். கருமாதி முடிந்து பாடசாலைக்குத் திரும்பியவள் மாதக்கணக்கில் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை, பேசாதிருப்பதே பரிவு என்று நினைத்திருந்தோம். பாடசாலை விட்டபின் நான் இந்த நாவலின் கதையைச் சில மாணவிகளுக்குத் தமிழில் சொல்லிவந்தபோது, தொலைநோக்கிப் பகுதி வந்த அன்று அவள் கேட்டாள்: “அதுல பார்க்கிறதுக்கு எங்க அம்மாகிட்ட காசு இருக்குமா டீச்சர்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. பாட்டிகள் கடன் கொடுப்பார்கள் என்றேன். அதன் பிறகுதான் அவள் தன் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணியைப் பற்றி, விடியுமுன் சுட்டு வைக்கும் ரொட்டியைப் பற்றி, இருட்டும்வரை பேசினாள்.

ஆகவே, பூட்டிய நூலை இராக்கையில் திரும்ப வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான நூற்பட்டியலைத் தயாரிக்கும்போது, கட்டிளமைப் பருவத்தினருக்காகப் பிரிவையும் இழப்பையும் பேசும் தமிழ்க் கதைகள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் வாசித்துப் பார்த்துச் சொல்ல ஆளில்லை என்றால், அந்த வேலையை நான் செய்து தருகிறேன்.

மரியாதையுடன்,
தோட்டப்புறத் தமிழாசிரியை ஒருவர்,
பதுளை மாவட்டம்