லுக்லாவில் மேகம் இறங்கிவிட்டால்

அன்புள்ள தம்பி,

இன்றைக்கும் விமானம் இல்லையா? கவுன்டரில் கோபித்துக்கொண்டு பயனில்லை. எவரெஸ்ட் பாதைக்கு வாசலான நேபாளத்து லுக்லாவின் ஓடுதளம் மொத்தமே 527 மீட்டர். கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் ஏறக்குறைய 60 மீட்டர் உயர வித்தியாசம். மேல் முனையில் மலைச்சுவர், கீழ் முனையில் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். கடைசி நேரத்தில் மேலெழும்பித் திரும்ப இடமில்லை. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பும், காற்றும் வலுக்கும். அதனால் பெரும்பாலும் காலையோடு சரி.

பலர் ஏமாறுவது வரிசையில்தான். நேற்று ரத்தானவருக்கு இன்று முதலிடம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இன்றைய டிக்கெட்காரர்கள் முதலில் போவார்கள். மிச்ச இருக்கையோ கூடுதல் விமானமோ இருந்தால்தான் உனக்கு. எனவே மதியமே டிக்கெட்டை லாட்ஜ்காரரிடம் கொடுத்துவிடு. கவுன்டரில் பேசி மறுநாளுக்குப் பெயர் சேர்ப்பது அங்கே அவர்கள் வேலை மாதிரி. காப்பீடு இருந்தால் ரத்தானதற்கு எழுத்தில் சீட்டு வாங்கிவை. காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால், ஐந்து பேர் சேர்ந்து ஹெலிகாப்டர் பிடிப்பதைப் பற்றி இன்றே பேசு. ஆனால் அதுவும் மேகத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

லாட்ஜில் அறை வாடகை மலிவாக இருப்பதே நீ அங்கேயே சாப்பிடுவாய் என்பதற்காக. வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பது அவமரியாதை. வீட்டுக்கார அம்மாவைத் ‘தீதி’ என்று கூப்பிடு, அக்கா என்று அர்த்தம். ‘தாய்’ என்றால் அண்ணன்; சிரித்துவைக்காதே! தால் பாத் சொன்னால் சோறும் பருப்பும் மறுபடி போடுவார்கள். நம் எச்சில்தான் அங்கே ‘ஜூட்டோ’. உன் தட்டிலிருந்து எடுத்து யாருக்கும் நீட்டாதே. கூடத்து நடுவிலுள்ள இரும்பு அடுப்பில் மிட்டாய்த் தாள், டிஷ்யூ எதையும் போடாதே. நெருப்பில் குப்பை விழுந்தால் தெய்வத்துக்கு ஆகாது என்பது அந்த மலைவாசிகளான ஷெர்பாக்களின் நம்பிக்கை.

கூட்டமில்லாத மதியத்தில் ‘ரிகிகூர்’ கிடைக்குமா என்று கேள். பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, மாவு சேர்த்துத் தட்டிச் சுடும் ரொட்டி. துருவலுக்கே நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தாதே. மேலே வெண்ணெய் உருகும்போதே தின்ன வேண்டும். அதை யாக் வெண்ணெய் என்று சொல்லிவிடாதே. யாக் ஆண், பால் கறப்பது ‘நாக்’. தேநீர்க் கோப்பை காலியானால் மறுபடி ஊற்றுவார்கள். முதலில் வேண்டாமென்பதும் பிறகு வாங்கிக்கொள்வதும் அங்கத்திய நாகரிகம். நிஜமாகவே போதுமென்றால் உள்ளங்கையால் கோப்பையை மூடு.

வானம் திறந்த காலையில் ஓடுதளத்தின் மேல் முனையைச் சுற்றிப் போகும் பாதையில் நில். ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானம் ஏற்றத்தில் ஏறி வந்து வலப்புறம் திரும்பும். ஒரு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூட்டை இறக்கி, ஆள் ஏற்றி, சில நிமிடங்களில் சரிவில் பாய்ந்துவிடும். 1964இல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி என்பவர்தான் இந்தத் தளத்தைப் போட்டார்; அப்போது, மண் இறுகுவதற்காக ஷெர்பாக்களுக்கு மது வாங்கிக்கொடுத்துக் காலுதைத்து ஆடவைத்தார் என்பார்கள். தார் போட்டது 2001இல்தான்.

இன்றைய விமானங்கள் முடிந்தன என்று உறுதியான பிறகு கீழேயுள்ள செப்லுங் கிராமம் வரை இறங்கிப் போய் வா. லுக்லாவின் வாசலில் இருக்கும் வளைவு பசாங் லாமுவின் நினைவுக்கு. 1993இல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண். வழியில் மந்திரம் செதுக்கிய மணிக்கற்கள் வரும், அவை உன் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நட. போவது இறக்கம், வருவது ஏற்றம். திரும்ப ஒன்றரை மடங்கு நேரம் வைத்துக்கொள்.

கணக்கை இரவே ரொக்கமாகத் தீர்த்துவிடு. காலையில் விமானச் சத்தம் கேட்ட பிறகு சில்லறைக்கு அலைய முடியாது.

அன்புடன்,
அண்ணன்