உறைமழை நாளில் கதவு தட்டிய அண்ணைக்கு நன்றி

2013 டிசெம்பரில் கனடாவின் ரொறன்ரோவில் உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே ஐஸாக உறையும் மழை பெய்து, மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்து, நத்தார் நெருங்கிய நேரத்தில் இலட்சக்கணக்கானோர் கரண்ட் இல்லாமல் குளிரில் கிடந்தது அங்குள்ள ஸ்காபரோப் பகுதிக்காரர்களுக்கு நினைவிருக்கும். அன்று எங்கள் தெருவில் வீடு வீடாகக் கதவு தட்டிய அண்ணைக்குத்தான் இந்த நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அவர் முதலில் சொன்னது, என்ன குளிர் என்றாலும் கரி அடுப்பை உள்ளே மூட்டாதீங்கோ, ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைக்காதீங்கோ, அதுகளிலிருந்து வாற காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படியே உயிர்கள் போனதைப் பிறகு செய்தியில் கேட்டபோது உடம்பு நடுங்கியது.

குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க, குசினி சிங்குக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து, பைப்பை மெல்லிதாக ஓடவிட்டார். எல்லாரும் ஒரே அறையில் இருங்கோ, யன்னலைப் போர்வையால் மூடுங்கோ என்றார். படியில் இறுகியிருந்த ஐஸில் உப்பைத் தூவி, அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கி, மாநகரசபை திறந்திருந்த சூடான மண்டபத்துக்குத் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார். பிரஷர் மாத்திரை எடுத்தாச்சா அம்மா என்று கேட்கவும் மறக்கவில்லை.

அண்ணை, இதை நீங்கள் வாசித்தால் ஒருநாள் வீட்டுக்கு வாங்கோ. அம்மா உங்களை இன்னும் விசாரிக்கிறா.